இசபெல்லாவின் தாவல்

அத்தியாயம் 17

'இதையும் செய்துவிட்டார்களா? நான் எப்போதுதான் இவர்களுக்கு முன்னால் எழுந்து தொலைப்பேன்?'

வாசற்படியில் கிடந்த கேன்வாஸ் ஷூக்களைப் பார்த்தபடி இந்துமதி நின்றாள். நேற்று மாலை செம்மண் அப்பிக் கழற்றிப் போட்டவை. இப்போது வெள்ளை வெளேரென்று இருந்தன. மாமியார் சீனித்தாய் அவற்றைத் துவைத்து, ஃபிரிட்ஜுக்குப் பின்னால் சூடு வருகிற இடத்தில் வைத்து உலர்த்தி, விடிந்ததும் சாக்பீஸ் தேய்த்திருக்கிறாள். நாடாவைக்கூடக் கோத்து வைத்திருந்தாள்.

"ஏளா, என்ன நின்னுக்கிட்டே ஒறங்குத? இன்னைக்குத்தான கடைசிப் பாடம்? ரெண்டு இட்லி உள்ள போட்டுட்டுக் கெளம்பு."

"நீங்க எதுக்கு அத்தை இதெல்லாம் பண்ணுதீங்க? நான் தொடச்சுக்கிட மாட்டேனா?"

"நீ தொடைக்கிற லட்சணம் தெரியும். பி.டி. டீச்சர் காலு சுத்தமா இருந்தாத்தான் புள்ளைக பாடத்தக் கேக்கும்."

பயிற்சி மாணவியைச் சீனித்தாய் எப்போதோ டீச்சராக்கிவிட்டாள். தெருவுக்கும் அப்படித்தான் சொல்லி வைத்திருந்தாள். கல்யாணமாகி, ஐஸ்வர்யா பிறந்து, முப்பதை நெருங்குகிற மருமகள் டிராக் பேன்ட் மாட்டிக்கொண்டு உடற்கல்வியியல் கல்லூரிக்குப் போவதைப் பற்றி யாராவது இழுத்தால், "ஒங்க வீட்டு மாடிப்படியா அவ ஏறுதா? காலேஜ் படிதான ஏறுதா?" என்று ஒரே போடு. கன்டெய்னர் யார்டில் ஷிப்டு பார்க்கும் கணவன் லிங்கராஜ்கூட முதலில் தயங்கினான். சீனித்தாய் தயங்கவில்லை. குழந்தையை அவள் வாங்கிக்கொண்டாள்.

இன்னொன்றும் உண்டு. கல்லூரிக்குப் போவதற்காக இந்துமதி ஸ்கூட்டர் பழகியபோது, வீட்டுக்கு முன்னாலேயே உப்பு லாரி ஹாரனுக்குப் பயந்து கீழே விழுந்தாள். பார்த்தவள் சீனித்தாய் ஒருத்திதான். முழங்கைக் கட்டைப் பார்த்துக் கேட்டவர்களுக்கெல்லாம், "வாசல்ல சோப்புத் தண்ணி, வழுக்கிட்டு" என்றாள். லிங்கராஜிடமும் அதையேதான் சொன்னாள். அதைப் பற்றி இருவரும் பிறகு பேசிக்கொண்டதே இல்லை.

இந்துமதி ஷூவுக்குள் காலை விட்டாள். உள்ளே இன்னும் லேசாகச் சூடு இருந்தது.

வண்டியை எடுத்தபோது மீண்டும் அதே கேள்வி வந்தது. இன்றாவது அந்தப் பிள்ளை வருமா?

*

அந்தப் பிள்ளை இசபெல்லா. ஏழாம் வகுப்பு. திரேஸ்புரத்தில் மீன் வாங்கி விற்கும் விக்டோரியாவின் மகள். இந்துமதி கற்பித்தல் பயிற்சிக்குப் போகும் பள்ளியில் இலவச இடத்தில் படிக்கிறவள்.

போன வாரம் நீளம் தாண்டுதல் பாடம். கல்லூரியில் புதிதாகச் சொல்லிக் கொடுத்திருந்த முறையை இந்துமதி ஆசையோடு எடுத்துப் போயிருந்தாள். டேப்லெட்டை மணல் குழிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டாண்டில் நிறுத்திவிட்டால் போதும். தாண்டிய பிள்ளை மண்ணைத் தட்டிவிட்டு எழுந்து வருவதற்குள் அவளுடைய தாவல் திரையில் மெதுவாக ஓடும். தன் தவற்றைத் தானே பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். ஆயிரம் வார்த்தை சொல்வதை ஒரு பார்வை சொல்லிவிடும்.

ஆனால் அவள் திரையை வைத்தது வரிசையைப் பார்த்து. எல்லோரும் பார்க்கட்டும், எல்லோரும் கற்றுக்கொள்ளட்டும் என்று நினைத்திருந்தாள்.

இசபெல்லா பலகையில் கால் தடுக்கி, முகம் குப்புற மணலில் விழுந்தாள். அது ஒரு நொடி. திரையிலோ அவள் நிதானமாக, நீண்ட நேரம் விழுந்துகொண்டே இருந்தாள். வரிசை முழுவதும் சிரித்தது. இசபெல்லா திரையைப் பார்க்கவில்லை. பாவாடையைத் தட்டிக்கொண்டு வரிசையின் பின்னால் போய் நின்றுவிட்டாள்.

அதைக்கூட இந்துமதி அன்று கவனிக்கவில்லை. கல்லூரியில்தான் கவனித்தாள்.

பயிற்சிப் பாடங்கள் முழுவதையும் தள்ளி நிற்கும் இன்னொரு கேமரா பதிவு செய்யும். கல்லூரியில் கிளாடிஸ் மேடம் அதைப் பெரிய திரையில் போடுவார். முதல் முறை சத்தமே இருக்காது. பிள்ளைகளைப் பார்க்கக் கூடாது, ஆசிரியரை மட்டும் பார்க்க வேண்டும். எங்கே வேண்டுமானாலும் யார் வேண்டுமானாலும் நிறுத்தச் சொல்லலாம்.

நிறுத்தச் சொன்னவன் காயல்பட்டினத்துத் தமீம். வகுப்பில் வாய்க்குப் பூட்டே இல்லாதவன். அன்று மட்டும் அவன் குரல் இறங்கியிருந்தது.

"அக்கா, தப்பா எடுத்துக்கிடாதீங்க. இங்கன நீங்களும் சிரிக்கீங்க."

திரையில் இந்துமதி சிரித்துக்கொண்டிருந்தாள். பெரிய சிரிப்பில்லை. மற்றவர்கள் சிரிக்கும்போது உதட்டில் தானாக வந்து ஒட்டிக்கொள்கிற சிரிப்பு. ஆனாலும் அது சிரிப்புதான். விழுந்து எழுந்த பிள்ளை முதலில் நிமிர்ந்து பார்த்தது தன் டீச்சரின் முகத்தை.

அன்று கல்லூரிப் பேருந்து நிழலில் உட்கார்ந்து அழுததைச் சென்ற வாரமே பார்த்தோம். அழுது முடித்ததும் அவள் தமீமைத் தேடிப் போய் நன்றி சொன்னாள். அவன் பதறிப்போனான்.

"திட்டுவீங்கன்னு நெனச்சா நன்றி சொல்லுதீங்களே அக்கா! ஒடம்புக்கு நல்லாத்தான இருக்கு?"

"ஒடம்புக்கு நல்லா இருக்கு. கண்ணுதான் இப்பத் தெரிய ஆரம்பிச்சிருக்கு."

அதற்குப் பிறகு வந்த இரண்டு பாடங்களிலும் இசபெல்லா வயிற்று வலி என்று வகுப்பறையிலேயே இருந்துவிட்டாள்.

*

இன்று வந்திருந்தாள். வரிசையின் கடைசியில், வயிற்றில் கையை வைத்தபடி.

துறைமுகப் பக்கமிருந்து உப்புக் காற்று வீசிக்கொண்டிருந்தது. இந்துமதி டேப்லெட்டைத் தண்ணீர்த் தொட்டிச் சுவருக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தாள். கேமரா முனை மட்டும் சுவர் ஓரத்தில் எட்டிக் குழியைப் பார்க்கும்படி திருப்பினாள். ஆனால் திரை, சுவரைச் சுற்றிப் போகிறவளுக்கு மட்டும்தான் தெரியும்.

"இன்னைக்குப் புதுச் சட்டம்," என்றாள் பிள்ளைகளிடம். "ஒங்க தாவல நீங்க மட்டும்தான் பாக்கணும். எத்தனை தடவ வேணும்னாலும் பாருங்க. பாத்துட்டு நீங்களே அழிச்சிடணும். எங்கிட்ட வந்து, நீங்க பாத்ததுல ஒண்ணே ஒண்ணு சொல்லணும்."

"நீங்க பாக்க மாட்டீங்களா மிஸ்?"

"நான் ஒங்கள நேர்ல பாத்துக்கிட்டுத்தான இருக்கேன்."

ஒவ்வொருத்தியாக ஓடினார்கள், தாண்டினார்கள், சுவருக்குப் பின்னால் போய் மறைந்தார்கள். ஒருத்தி கையை வீசவே இல்லை என்றாள். ஒருத்தி தன் சடை பறந்தது அழகாக இருந்தது என்றாள். அதுவும் ஒரு பதில்தான் என்று இந்துமதி ஏற்றுக்கொண்டாள்.

இசபெல்லாவின் முறை வந்தது.

"வயித்து வலி மிஸ்."

இந்துமதி அவள் பக்கத்தில் போய்க் குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் பேசினாள். முந்தைய நாள் முழுவதும் மனதுக்குள் சொல்லிப் பார்த்த வாக்கியங்கள் எதுவும் வரவில்லை.

"அன்னைக்கு நீ விழுந்தப்ப நானும் சிரிச்சிட்டேன் இசபெல்லா. வீடியோல பாத்துத்தான் எனக்கே தெரிஞ்சுது. அது தப்பு. மன்னிச்சிரு."

இசபெல்லா தரையைப் பார்த்தபடி சொன்னாள். "தெரியும் மிஸ். நான் அப்பமே பாத்துட்டேன்."

ஒரு வாரமாக இந்தப் பிள்ளை அதைத் தனியாகச் சுமந்திருக்கிறாள்.

"அழிச்சா நெசமாவே போயிருமா மிஸ்?"

"அந்த டேப்லெட்ல இருந்து போயிரும். ஆனா, அங்கன தூரத்துல ஒரு கேமரா நிக்கி பாரு. அதுல எல்லாமே பதிவாவும். நான் எப்படிப் பாடம் நடத்துதேன்னு காலேஜ்ல பாக்குறதுக்காக. அங்க மட்டும்தான் போகும்."

"வேற யாருக்கும் காட்ட மாட்டீங்களே?"

"மாட்டேன்."

இசபெல்லா வயிற்றிலிருந்து கையை எடுத்தாள். ஓடினாள். பலகையைத் தாண்டும்போது தடுமாறி, முழங்காலும் கையும் ஊன்றி விழுந்தாள். வரிசையில் யாரோ களுக்கென்றார்கள். இந்துமதி அந்தப் பக்கம் திரும்பினாள். முகத்தில் கோபமில்லை, சிரிப்புமில்லை. களுக்கென்ற சத்தம் நின்றது.

இசபெல்லா சுவருக்குப் பின்னால் போனாள். நெடுநேரம் வரவில்லை. திடீரென்று அங்கிருந்து ஒரு கூவல்.

"மிஸ்! நான் கண்ண மூடிக்கிடுதேன்!"

ஓடி வந்தாள். முகத்தில் வெட்கமும் கண்டுபிடித்துவிட்ட பெருமையும் சேர்ந்து கிடந்தன. "பலகைக்கு முன்னாலயே மூடிக்கிடுதேன் மிஸ். மணல் கண்ணுல விழும்னு. எனக்கே தெரியல."

இந்துமதிக்கும் தெரிந்திருக்கவில்லை. கால், கை, இடுப்பு, வேகம் என்று எல்லாவற்றையும் பார்க்கக் கற்றிருந்தாள். ஒரு பிள்ளையின் இமையைப் பார்க்கவில்லை.

"அப்ப எப்படித் தாண்டணும்?"

"தொறந்து!"

இரண்டாம் முறை இசபெல்லா கண்ணை அகல விழித்துக்கொண்டு ஓடினாள். பார்க்கச் சிரிப்பாகத்தான் இருந்தது, யாரும் சிரிக்கவில்லை. பலகையில் கால் சரியாக விழுந்தது. உடம்பு எழுந்தது. இரண்டு காலும் மணலில் ஊன்ற, அப்படியே நின்றாள். பெரிய தூரமொன்றும் இல்லை. ஆனால் நின்றாள். வரிசை கை தட்டியது, யாரும் சொல்லாமலே.

சுவருக்குப் பின்னால் போனவளைத் தேடி இந்துமதியே போனாள். இசபெல்லா அந்தத் தாவலைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதையும் அழிக்கணுமா மிஸ்?"

"ஒன்னுதுதான. ஒன் இஷ்டம்."

பிள்ளை கொஞ்சம் யோசித்தாள். பிறகு விரலால் அழுத்தி அழித்தாள்.

"ஏன்ளா?"

"முன்னால விழுந்ததும் அதுலதான மிஸ் இருக்கு? ரெண்டும் போவட்டும். இது எனக்கு ஞாபகம் இருக்கும்."

*

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் இந்துமதி மனதுக்குள் யார் யாருக்கோ நன்றி சொல்லிக்கொண்டே வந்தாள். தமீமுக்கு, மேடத்துக்கு, தள்ளி நின்று தன்னைத் தனக்கே காட்டிக் கொடுத்த அந்தக் கேமராவுக்கு. வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தும்போது போன் அடித்தது. விக்டோரியா. இதுவரை ஒருமுறைகூட அழைக்காதவள்.

"டீச்சரா? நான் இசபெல்லா அம்மா. நாளைக்குக் காலைல ஏலம் முடிஞ்சதும் ஒங்க வீட்டுக்கு வாரேன். எம்மவ ஒண்ணு சொன்னா. போன்ல வேண்டாம், நேர்ல பேசணும்."

குரலில் கோபமா, வேறு எதுவுமா, ஒன்றும் பிடிபடவில்லை. அதற்குள் மீன்காரர்களின் இரைச்சலோடு இணைப்பு அறுந்துவிட்டது.

உள்ளே உளுந்தவடை வாசம். முன்னறையில் இசக்கியப்பன் உட்கார்ந்திருந்தார். சீனித்தாயின் தம்பி, இந்துமதிக்குச் சித்தப்பா முறை. அவள் பயிற்சிக்குப் போகிற பள்ளியின் தாளாளரும் அவர்தான். மேசையில் மக்ரூன் இனிப்புப் பெட்டி. ஐஸ்வர்யா ஒன்றை வாயில் கரைத்துக்கொண்டு அவர் மடியில் இருந்தாள்.

"வாம்மா வா! இன்னைக்கு மாடில நின்னு பாத்தேன். புள்ளைக கை தட்டுது, நானும் சேந்து தட்டிட்டேன். ஏக்கா, ஒம் மருமவ தங்கம்!"

"அது எனக்கு முன்னமே தெரியும்லே," என்றது அடுக்களை.

"ஜூன்ல இருந்து ஒனக்கு நம்ம ஸ்கூல்லயே போஸ்ட். ஆர்டர் அடிக்கச் சொல்லிட்டேன்."

இந்துமதிக்கு ஒரு கணம் தரையில் கால் பாவவில்லை. பரீட்சை முடியும், வீட்டுக்குப் பக்கத்தில் வேலை, ஐஸ்வர்யாவும் அதே பள்ளிக்குப் போகலாம், அத்தைக்கு அலைச்சல் இருக்காது. இவ்வளவும் ஒரே மூச்சில் மனதில் ஓடியது.

"ரொம்ப நன்றி சித்தப்பா." கண் கலங்கிவிட்டது.

"நன்றியெல்லாம் இருக்கட்டும். ஒரு சின்ன வேல. அட்மிஷனுக்கு விளம்பரப் படம் எடுக்கோம். அந்த மீன்காரம்மா புள்ள போன வாரம் விழுந்துச்சாமே, அது. இன்னைக்குத் தாண்டுன இது. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல போட்டு, 'அன்று விழுந்தாள், இன்று பறந்தாள்'னு கீழ எழுத்து ஓட விட்டா, எப்படி இருக்கும்? சிசிடிவில பாத்தா எறும்பு மாதிரி தெரியுது. ஒங்கிட்ட முழுசா இருக்குமே?"

இருந்தது. அறிக்கை எழுதுவதற்காக இரண்டு பாடங்களின் பதிவுகளும் அவள் போனில் இருந்தன.

"அது காலேஜுக்காக எடுத்தது சித்தப்பா."

"எம் ஸ்கூலு, எம் மைதானம். அட்மிஷன் போடும்போதே போட்டோ, வீடியோ எல்லாத்துக்கும் கையெழுத்து வாங்கியாச்சு. எடிட்டிங் பண்ற பையன் காத்துக்கிட்டு இருக்கான். இப்ப அனுப்பிட்டியன்னா நாளைக்கு ஊரு பூரா போன்ல பாக்கும். அந்தப் புள்ளைக்கும் பேரு, ஒனக்கும் பேரு." அவர் குரல் கொஞ்சம் மாறியது. "ஆர்டர்ல நான் கையெழுத்துப் போடுறதுக்கு முன்னால கமிட்டில காட்ட எனக்கும் எதாவது வேணும்லா?"

"வடை எடுத்துட்டு வாரேன்," என்று இந்துமதி அடுக்களைக்குள் போனாள்.

சீனித்தாய் எண்ணெயிலிருந்து வடையை அரித்தெடுத்துக்கொண்டிருந்தாள். எல்லாம் கேட்டிருந்தது அவளுக்கு. முகம் பூரித்துக் கிடந்தது.

"என்னளா முழிக்க? அனுப்பி விடு."

"அத்தை, அந்தப் புள்ள விழுந்ததையும் போடுவாங்க."

"விழுந்தாத்தான தாவுனது தெரியும்? நல்லதுதான சொல்லப் போறாவ? கெட்டதா சொல்லுதாவ?"

அத்தை சொன்னதில் பிழை இல்லை. அப்படித்தான் இந்துமதியும் போன வாரம் நினைத்திருந்தாள், திரையை வரிசையைப் பார்த்துத் திருப்பி வைத்தபோது. எல்லோரும் பார்க்கட்டும், நல்லதுதானே என்று.

சீனித்தாய் அடுப்பைத் தணித்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு அருகில் வந்தாள்.

"இந்து, ஒங்கிட்ட நான் இதுவரைக்கும் ஒண்ணும் கேட்டதில்ல. நீ ஸ்கூல்ல போய் நிக்கிறதப் பாக்கணும்னு எனக்கு ஆச. எனக்காவ இத அனுப்பிரு."

உண்மைதான். ஒன்றுமே கேட்டதில்லை. ஷூ துவைத்ததற்குக் கேட்கவில்லை, விடியலில் தூக்கம் கெட்டதற்குக் கேட்கவில்லை. கொடுத்துக்கொண்டே இருந்தவள் முதன்முறையாகக் கை நீட்டுகிறாள். அந்தக் கையில் சாக்பீஸ் தூள் நகக்கண்ணில் இன்னும் ஒட்டியிருந்தது. இந்தக் கைக்கு எதைத்தான் கொடுக்க மாட்டேன் என்று இந்துமதி நினைத்தாள். என்னுடையது எதுவானாலும் கொடுத்துவிடலாம்.

இது என்னுடையது இல்லையே.

"அத்தை," என்றாள் மெதுவாக. "நான் வண்டியில இருந்து விழுந்தத நீங்க இன்னைக்கு வரைக்கும் யார்கிட்டயும் சொல்லல."

சீனித்தாய் நிமிர்ந்து பார்த்தாள்.

"இப்ப நான் நல்லா ஓட்டுதேன். இப்பக்கூட சொல்லல. ஒங்க மவன்கிட்டகூட."

சீனித்தாய் நீட்டிய கை தானாக இறங்கியது. அவள் கோபப்பட்டாளா, புரிந்துகொண்டாளா என்று இந்துமதியால் சொல்ல முடியவில்லை. சீனித்தாய் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"ஏக்கா, அனுப்பியாச்சா?" முன்னறையிலிருந்து குரல்.

சீனித்தாய் கரண்டியை எடுத்து வடைகளைத் தட்டில் அடுக்கினாள்.

இந்துமதி வடைத் தட்டை எடுத்தாள். தேங்காய்ச் சட்னிக் கிண்ணத்தையும் வைத்துக்கொண்டாள். முன்னறைக்கு வந்து இரண்டையும் சித்தப்பாவின் முன்னால் வைத்தாள். ஐஸ்வர்யாவை அவர் மடியிலிருந்து வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். இசக்கியப்பன் தன் போனைத் திறந்து, வந்து சேர வேண்டிய வீடியோவுக்காகத் திரையைப் பார்த்தபடி இருந்தார்.

"சூடா இருக்கு, சாப்பிடுங்க சித்தப்பா," என்றாள். "வேலைக்கு நீங்க சொன்னது எனக்கு ரொம்பப் பெரிசு. மறக்க மாட்டேன்."

"அதான் சரி. வீடியோ?"

"அது என்னால தர முடியாது சித்தப்பா."